முழங்காலுக்குக் கீழே எலும்புக் கட்டி, தொய்ந்துபோகும் பாதம்: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. எட்டு மாதத்துக்கு முன் வலது முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, கல் மாதிரி கெட்டியாக ஒரு புடைப்பு இருப்பதைப் பார்த்தோம். வலி இல்லாததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரமாக அந்தக் காலின் மேற்பாதம் மரத்துப்போகிறது என்கிறான். படி ஏறும்போது கட்டைவிரல் இடித்துக்கொள்கிறது. நடக்கும்போது அந்தக் கால் செருப்பு மட்டும் கழன்று போய்விடுகிறது. எக்ஸ்ரேயில், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமுள்ள ஃபிபுலா எலும்பின் மேல்முனையில் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்ற எலும்புக் கட்டி என்று வந்தது. முதலில் பார்த்த மருத்துவர், "புற்றுநோய் இல்லை, வளர்ச்சி முடியட்டும், 18 வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இரண்டாமவர் சீக்கிரம் எடுத்துவிடச் சொல்கிறார். புற்றுநோய் இல்லாத கட்டிக்கு என்ன அவசரம்? ஆபரேஷனில் நரம்பு வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பாதம் பழையபடி ஆகுமா?

பதில்: முதல் மருத்துவர் சொன்னது கட்டியைப் பொறுத்தவரை சரி. பாதத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாதிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது செருப்பு கழன்று போகிறது என்ற வரி. வாரில்லாத செருப்பு காலில் நிற்பதற்குக் காரணம், நாம் அறியாமலே ஒவ்வொரு அடியிலும் விரல்களையும் பாதத்தையும் மேலே தூக்கிப் பிடிப்பதுதான். அது முடியாமல் போகிறது என்றால், மரத்துப்போகும் கட்டத்தைத் தாண்டித் தசை வலு குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வலு குறைய ஆரம்பித்த பிறகு இன்னும் இரண்டு வருடம் காத்திருப்பது சரியல்ல. மாதக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பரிசோதனைகள் இதை உறுதி செய்யவோ மாற்றவோ செய்யும்.

ஏன் இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு தொல்லை என்பதை உங்கள் காலிலேயே தெரிந்துகொள்ளலாம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். மூட்டுக்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் பின்தள்ளி, ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அது ஃபிபுலாவின் தலை. அதற்குக் கீழே எலும்பு ஒடுங்குகிற இடம் கழுத்து. அந்தக் கழுத்தின் மேல் விரல் நுனியை வைத்து முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினால் தடித்த நூல் கயிறு ஒன்று விரலுக்கடியில் வழுக்குவது தெரியும். அதுதான் காமன் பெரோனியல் நரம்பு. தோலுக்கும் எலும்புக்கும் நடுவில், மெத்தையாகச் சதை எதுவும் இல்லாமல் கிடக்கிறது. அங்கிருந்து பெரோனியஸ் லாங்கஸ் என்ற தசையின் அடியில் இருக்கும் இறுக்கமான சவ்வுச் சுரங்கத்துக்குள் நுழைந்து இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஆழமான கிளை பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குப் போகிறது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள சிறிய தோல் பகுதியின் உணர்ச்சியும் அதனுடையது. மேலோட்டமான கிளை பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கும், மேற்பாதத்தின் பெரும்பகுதித் தோலுக்கும் போகிறது.

இந்தச் சுரங்கம்தான் சிக்கல். தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு கட்டி வளர்ந்தால் பக்கத்திலுள்ள நரம்பு பெரும்பாலும் ஒதுங்கி வழிவிட்டுவிடும். ஃபிபுலாவின் கழுத்தில் நரம்பு சுரங்க வாயில் பிடிபட்டிருப்பதால் ஒதுங்க முடியாது. அடியில் எலும்பு மேடு எழும்ப எழும்ப, மேட்டின் முதுகில் நாடா போல நீண்டு தட்டையாகிக்கொண்டே போகும். அதனால்தான் தொடையில் ஐந்தாறு சென்டிமீட்டர் கட்டி வருடக்கணக்கில் சும்மா இருக்க, இங்கே இரண்டு சென்டிமீட்டர் கட்டியே பாதத்தைத் தொய்ய வைத்துவிடுகிறது. 'சின்னதாகத்தானே இருக்கிறது' என்ற சமாதானம் இந்த இடத்தில் எடுபடாது.

ஆஸ்டியோகாண்ட்ரோமா என்பது, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டிலிருந்து ஒரு துணுக்குக் குருத்தெலும்பு பக்கவாட்டில் விலகி, தன் போக்கில் எலும்பை வளர்த்துக்கொண்டு போவது. தீங்கற்ற எலும்புக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். கட்டியின் உள்மஜ்ஜையும் தாய் எலும்பின் மஜ்ஜையும் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும். உச்சியில் குருத்தெலும்புத் தொப்பி இருக்கும். வளர்வது அந்தத் தொப்பி மட்டும்தான். உடலின் வளர்ச்சித் தட்டுகள் மூடும்போது இதுவும் நின்றுவிடும். முதல் மருத்துவர் காத்திருக்கச் சொன்னதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. அதே கணக்கின் மறுபக்கம்: உங்கள் மகனின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாமலிருந்தால், அவை மூடும் வரை கட்டியும் வளரும், ஏற்கெனவே இழுபட்டிருக்கும் நரம்பு இன்னும் இழுபடும். வளர்ச்சி நின்ற பிறகும் மேடு கரையாது, அங்கேயே இருக்கும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். எப்போதும் நல்ல காலை முதலில் பார்க்க வேண்டும். ஒப்பிடாமல் எதையும் சொல்ல முடியாது. குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். வலது பாதத்தின் முன்பகுதி கீழே இறங்குகிறதா, எத்தனையாவது அடியில் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் மூன்று அடி சரியாக வைத்துவிட்டு நான்காவதில் இறங்கினாலும் அது வலுக்குறைவுதான். இதை முழங்காலிலிருந்து பாதம் வரை தெரியும்படி செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் வாயால் சொல்வதைவிட இது பயன்படும். பிறகு அவனைப் படுக்க வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லி, உங்கள் ஆள்காட்டி விரலால் அதை அழுத்துங்கள். நல்ல காலில் ஒற்றை விரலால் உங்களால் அதை இறக்க முடியாது. வலது காலில் எளிதாக இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பாதத்தின் வெளி விளிம்பில் உங்கள் கையை வைத்து அதை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையை ஒதுக்கிவிடாதீர்கள். நடனம் ஆடுபவர் நிற்பது போலப் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி வைத்துக்கொண்டு, உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இந்த அசைவைச் செய்யும் தசைக்கு வேறு நரம்பு. ஃபிபுலா கழுத்தில்தான் அழுத்தம் என்றால் இது முழு வலுவோடு இருக்க வேண்டும். பாதத்தை நீட்டாமல் சோதித்தால் பாதம் தூக்கும் தசையும் சேர்ந்துகொண்டு கணக்கைக் குழப்பிவிடும், அதனால் நீட்டி வைப்பது முக்கியம். உள்திருப்பலும் சேர்ந்து பலவீனமாக இருந்தால், அல்லது ஒருக்களித்துப் படுத்து முழுக் காலையும் பக்கவாட்டில் தூக்குவது கஷ்டமாக இருந்தால், முதுகெலும்பிலிருந்து வரும் எல்5 நரம்பு வேரையும் சந்தேகிக்க வேண்டும். இதன் தலைகீழ்த் தவறுதான் அதிகம் நடக்கிறது: பாதம் தொய்ந்தவுடன் 'டிஸ்க்' என்று முடிவு கட்டி இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் வயதுக்குரிய ஏதோ ஒன்றைப் பார்த்து அதற்கு மாதக்கணக்கில் சிகிச்சை ஓடும். முழங்காலுக்கு வெளியே ஒருவரும் கை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டியின் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டினால் மேற்பாதம் வரை கரன்ட் பாய்வது போல இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கலாம். தினமும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தேவைப்படும் பரிசோதனைகள் மூன்று. எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு கோணங்களில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 'முழங்கால் எம்.ஆர்.ஐ.' என்று சீட்டு எழுதிவிட்டால் படம் மூட்டை மையமாக வைத்து எடுக்கப்படும். ஃபிபுலா கழுத்து படத்தின் ஓரத்தில் அரைகுறையாக வந்து நின்றுவிடும். கட்டி முழுவதும், அதன் மேலே போகும் நரம்பும், முன்காலின் (முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம்) மேல்பாதித் தசைகளும் படத்துக்குள் வர வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையில் பார்க்க வேண்டியவை: மஜ்ஜைத் தொடர்ச்சி இருக்கிறதா, தொப்பியின் தடிமன் எவ்வளவு, நரம்பு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, முன்காலின் தசைகளில் நரம்பிழந்த மாற்றம் தெரிகிறதா. வளர்ச்சி முடிந்த பெரியவரிடம் தொப்பி 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் புற்றாக மாறுகிறதோ என்று சந்தேகிப்போம். வளரும் பையனுக்கு அந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது; இந்த வயதில் தொப்பி தடித்திருப்பது சாதாரணம். அந்த ஒற்றை எண்ணை அறிக்கையில் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஃபிபுலா தலைக்கும், அதன் பக்கத்திலுள்ள பெரிய எலும்பான டிபியாவுக்கும் நடுவே ஒரு சிறு மூட்டு உண்டு. அதிலிருந்து கசியும் கூழ் போன்ற திரவம் நரம்பின் உறைக்குள்ளேயே புகுந்து நீர்க்கட்டியாகி, இதே அறிகுறிகளைத் தரலாம். எலும்பு மேடும் இருந்து நீர்க்கட்டியும் இருந்தால், மேட்டை மட்டும் எடுத்தால் பாதம் தேறாது. திரவம் வரும் வழியான, மூட்டுக்குப் போகும் நரம்பின் சிறு கிளையையும் முடிச்சிட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர்க்கட்டி திரும்ப வரும். ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய தகவல் இது.

மூன்றாவது, நரம்பின் மின்கடத்தலையும் தசையின் மின்னசைவையும் பார்க்கும் சோதனை, மருத்துவமனைகளில் என்.சி.எஸ்., ஈ.எம்.ஜி. என்பார்கள். நரம்பு பழுதான முதல் இரண்டு மூன்று வாரங்களில் தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. ஏமாற்றும், ஏனெனில் தசையில் மாற்றம் தெரிய அவ்வளவு நாளாகும். உங்கள் மகனுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது, எனவே இப்போது எடுத்தால் நம்பலாம். வழக்கமாகப் பாதத்தின் மேலுள்ள ஒரு குட்டித் தசையில் மட்டும் பதிவு செய்துவிட்டு முடித்துவிடுவார்கள். பாதத்தைத் தூக்கும் முக்கியத் தசையான டிபியாலிஸ் ஆன்டீரியரிலும் பதிவு வேண்டும், ஃபிபுலா தலைக்கு மேலும் கீழும் தனித்தனியாகத் தூண்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கீழே தூண்டினால் நல்ல பதிவு, மேலே தூண்டினால் குறைந்த பதிவு என்று வந்தால் நரம்பின் உள்ளிழைகள் உயிரோடு இருக்கின்றன, உறை மட்டும் நசுங்கி மின்சாரம் தடைபடுகிறது என்று அர்த்தம். இது நல்ல செய்தி. இரண்டு இடத்திலும் குறைவு, ஊசி வைத்தால் தசை தானாகத் துடிக்கிறது என்றால் இழைகளே அறுந்து கொண்டிருக்கின்றன. அப்போது ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும்.

வழக்கமான தோற்றமுள்ள ஆஸ்டியோகாண்ட்ரோமாவுக்கு ஊசிவழி பயாப்சி, அதாவது ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்ப்பது, தேவையில்லை. நரம்பு எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று தெரியாத இடத்தில் ஊசி விடுவதை நான் விரும்பவும் மாட்டேன். எக்ஸ்ரேயில் மஜ்ஜைத் தொடர்ச்சி தெளிவாக இல்லையென்றால் மட்டும் வேறு கட்டிகளை, குறிப்பாக ஃபிபுலா மேல்முனையில் வரக்கூடிய ஜயன்ட் செல் கட்டியையும் அன்யூரிஸ்மல் எலும்பு நீர்க்கட்டியையும், நினைக்க வேண்டும். அவற்றின் சிகிச்சை வேறு. அப்படிப் பயாப்சி அவசியமானால், பிறகு ஆபரேஷன் செய்யப்போகிறவரே ஊசி போகும் வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நரம்பு அடிபடும் அபாயம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எங்கே அடிபடுகிறது என்று தெரிந்தால் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம். தோலைக் கிழித்து நேராகக் கட்டியை நோக்கிப் போவதுதான் ஆபத்து. மேட்டின் முதுகில் பரந்து தட்டையாகிக் கிடக்கும் நரம்பு பார்வைக்கு வெறும் சவ்வு போலவே இருக்கும். அதைச் சவ்வென்று நினைத்துப் பிரித்துவிட வாய்ப்பு உண்டு. சரியான வரிசை இது: முழங்காலுக்குச் சற்று மேலே, பின்தொடையிலுள்ள பைசெப்ஸ் தசையின் நாணுக்குப் பின்னால், நரம்பு இன்னும் உருண்டையாக ஆரோக்கியமாக இருக்கும் இடத்தில் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து அதைப் பின்தொடர்ந்து கீழே வந்து, சுரங்கத்தின் சவ்வுக் கூரையை முழுக்கத் திறந்து, இரு கிளைகளையும் பார்த்து, மெல்லிய ரப்பர் நாடாவால் லேசாக ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே எலும்பில் உளி வைக்க வேண்டும். "முதலில் நரம்பைத் தேடுவீர்களா, கட்டியையா?" என்று கேளுங்கள். நல்ல அறுவை நிபுணர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கட்டியை அடியோடு, தாய் எலும்பின் மட்டத்துக்கு எடுக்க வேண்டும். தொப்பியும் அதைப் போர்த்திய சவ்வும் துண்டு துண்டாகாமல் ஒன்றாக வர வேண்டும். குருத்தெலும்பில் ஒரு சிறு ஓரம் தங்கினாலும், வளரும் வயதில் அதிலிருந்து கட்டி மறுபடி முளைக்கலாம். எடுத்தது முழுவதும் நோயியல் பரிசோதனைக்குப் போக வேண்டும். 'சாதாரணக் கட்டிதானே' என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. முழங்காலின் வெளிப்பக்கப் பிணைநாரும் பைசெப்ஸ் தசைநாணும் ஃபிபுலா தலையில்தான் பிடித்திருக்கின்றன. கழுத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு எலும்புகளுக்கும் இடையில் முன்காலின் தமனி நுழைகிறது. கட்டி இவற்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ.யை வைத்து முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வளர்ச்சித் தட்டுக்குச் சேதம் வரலாம் என்பதுதான் சிறு பிள்ளைகளுக்குத் தள்ளிப்போடச் சொல்வதற்கு முக்கியக் காரணம். ஐந்து வயதில் அது பெரிய விஷயம். 16 வயதில் அந்தத் தட்டு வளர்வதற்கு மிச்சம் கொஞ்சமே இருப்பதால், உயரத்திலோ கால் வளைவிலோ பெரிய வேறுபாடு வர வாய்ப்புக் குறைவு. நரம்பை இழப்பதோடு ஒப்பிட்டால் இது சின்ன விலை.

மயக்க மருத்துவரிடமும் இரண்டு விஷயம் பேசுங்கள். அறுவையின்போது நரம்பை மின்தூண்டலால் சோதிக்க வேண்டியிருந்தால், தசைத் தளர்ச்சி மருந்தின் வேகம் அதற்குள் இறங்கியிருக்க வேண்டும். வலிக்காக முழங்காலுக்குப் பின்னால் நீண்ட நேரம் மரக்கும் ஊசி போட்டால், கண் விழித்தவுடன் பாதம் தூக்குகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. பாதம் அசையாதது ஊசியாலா நரம்பாலா என்று குழம்ப வேண்டிவரும். இந்த ஆபரேஷனுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது, வலிக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

ஆபரேஷன் முடிந்த அன்று கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா என்று சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். நசுங்கிக் கிடந்த நரம்பு தொட்டாலே சோர்ந்துவிடும். அதனால் முதல் சில வாரங்களில் முன்னைவிட வலு குறைந்திருப்பது உண்டு, பெரும்பாலும் அது திரும்பிவிடும். ஆனால் விழித்தபோது அசைந்த விரல் இரண்டு மணி நேரம் கழித்து அசையவில்லை என்றால் வேறு கதை: உள்ளே ரத்தம் சேருகிறது, அல்லது கட்டு இறுகிவிட்டது. கட்டை உடனே தளர்த்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காத வலி, விரலை நீங்கள் மடக்கினாலே துடிக்கும் வலி, கல் போல இறுகிய முன்கால் ஆகியவையும் அப்படித்தான். காலை வரை காத்திருக்காமல் நள்ளிரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். படுக்கையில் கால் வெளிப்பக்கம் சாய்ந்து, ஃபிபுலா கழுத்து கட்டில் விளிம்பில் அழுந்தாமல் ஒரு சிறு தலையணை முட்டுக் கொடுங்கள். பிணைநாரைத் தொடாமல் முடிந்திருந்தால் அடுத்த நாளே ஊன்றுகோலோடு நடக்கலாம். தையல் பிரிப்பது சுமார் இரண்டு வாரத்தில்.

இடைப்பட்ட காலத்தில், இன்றிலிருந்தே செய்ய வேண்டியவை. பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வேண்டும், ஏ.எஃப்.ஓ. என்று கேட்டால் செயற்கை உறுப்பு நிலையத்தில் அளவெடுத்துத் தருவார்கள். இது நரம்பைச் சரிசெய்யாது. பாதம் தொங்கியே இருந்தால் பின்னாலுள்ள ஆடுசதை சுருங்கிப்போகும், பிறகு நரம்பு தேறினாலும் பாதம் மேலே வராது, அதைத் தடுப்பதற்குத்தான். தாங்கியின் மேல்விளிம்பும் வாரும் ஃபிபுலா தலைக்குக் குறைந்தது இரண்டு மூன்று விரற்கடை கீழேயே நிற்க வேண்டும். நரம்பழுத்தத்துக்காகக் கொடுத்த தாங்கியே நரம்பை அழுத்துவது நடக்கிற காரியம்தான். முழங்கால் கேப், இறுக்கமான எலாஸ்டிக் எதுவும் அங்கே வேண்டாம். மரத்த தோலில் கொப்புளம் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. தினமும் இரவில் தாங்கியைக் கழற்றியதும் மேற்பாதத்தையும் கணுக்காலையும் கண்ணால் பாருங்கள். சிவந்த இடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் தாங்கியைத் திருத்த வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன்னை நோக்கி இழுத்து 30 விநாடி பிடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

கால் மேல் கால் போடுவது, சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருவது, குத்த வைப்பது மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றிலும் நரம்பு கட்டியின் மேல் இழுபடுகிறது அல்லது அழுந்துகிறது. கட்டியை நீவிவிடுவது, ஒத்தடம், அதற்குள் ஸ்டீராய்டு ஊசி எதுவும் வேண்டாம். எலும்பு நீவினால் கரையாது, நடுவிலிருக்கும் நரம்புதான் நசுங்கும். மரத்த தோலில் வெந்நீர்ப் பை வைத்தால் தீக்காயம் வரும்வரை தெரியாது. பி12 மாத்திரையைப் பற்றியும் கேட்பீர்கள்: குறைபாடு இருந்தால் கொடுக்கலாம், எலும்பு அழுத்துவதை எந்த வைட்டமினும் எடுத்துவிடாது. ஓட்டம், பந்தாட்டம் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள், தடுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கினால் அதே நரம்பு இன்னும் இழுபடும்.

ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும்போது பாதம் திடீரென முழுதாகத் தொங்கிவிட்டால், பாதம் குளிர்ந்து வெளுத்தால், முழங்காலுக்குப் பின்னால் துடிக்கிற வீக்கம் தெரிந்தால் தேதியை எதிர்பார்க்காமல் அன்றே போங்கள். இரவில் எழுப்பும் வலியும், சில வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி கட்டி பெருத்துவிடுவதும் நோயறிதலையே மறுபரிசீலனை செய்ய வைக்கும் அறிகுறிகள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மகனின் மற்ற முழங்கால், தோள், மணிக்கட்டு, விலா எலும்புகளைத் தடவி, வேறு கெட்டியான புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; உங்கள் இருவருக்கும் அவன் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கிறதா என்றும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஈ.எக்ஸ்.டி.1 அல்லது ஈ.எக்ஸ்.டி.2 என்ற மரபணு மாற்றத்தால் வரும் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அது பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. ஒற்றைக் கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு சுமார் 1 விழுக்காடு; பலவாக இருப்பவர்களுக்கு அதைவிட அதிகம் என்பதால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவை.

பாதம் பழையபடி ஆகுமா என்று கேட்டீர்கள். எவ்வளவு வலு மிச்சமிருக்கும்போது அழுத்தத்தை எடுக்கிறோம், எத்தனை நாள் அழுந்திக் கிடந்தது என்ற இரண்டையும் பொறுத்தது. ஆறு வாரம், பாதம் இன்னும் ஓரளவு தூக்குகிறது, 16 வயது என்பதெல்லாம் அவனுக்குச் சாதகம். உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வலு திரும்பும். இழைகள் அறுந்திருந்தால் அவை கழுத்திலிருந்து மறுபடி வளர்ந்து தசையை அடைய வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு 3 சென்டிமீட்டர்தான் வளரும். பாதம் தூக்கும் தசையில் முதல் அசைவு தெரியவே மூன்று நான்கு மாதமாகலாம். மூன்றாம் மாதம் ஈ.எம்.ஜி.யைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்திலும் கண்ணுக்கோ சோதனைக்கோ எந்த அசைவும் இல்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் போக வேண்டும். ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசை அதன் பிறகு நரம்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளாது. நரம்பு தேறவே இல்லையென்றாலும், பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசைநாணை முன்பக்கத்துக்கு மாற்றித் தைத்துப் பாதம் தூக்க வைக்கும் அறுவை இருக்கிறது. அந்தத் தசைக்கு வலு இருக்கிறதா என்பதைத்தான் பாதத்தை நீட்டி உள்திருப்பச் சொன்ன சோதனையும் காட்டுகிறது, அதனால் அதை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.

தேறும்போது பெரும்பாலும் வெளித்திருப்பலும் பாதம் தூக்குவதும் முதலில் வரும். கட்டைவிரலுக்கான தசைக்கு நரம்பு இன்னும் கீழே போக வேண்டியிருப்பதால் அது கடைசியில்தான் எழும்பும். மற்றதெல்லாம் சரியாகி அது மட்டும் பல மாதம் பின்தங்கியிருந்தால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று எடுத்த குதிகால் நடைப் படத்தை அழிக்காமல் வைத்து, மாதம் ஒன்று அதே இடத்தில் நின்று எடுத்து ஒப்பிடுங்கள்.